எல்லாம் நல்லா இருக்கு

முடி வெட்டுகிற தொழிலில் பாதி கத்தரிக்கோல், மீதி வாய். அக்காவுக்கு இரண்டும் கூர்மை.

நெற்றி ஏறிப்போன ஆள் கண்ணாடியைத் தடவிக்கொண்டே "முன்னாடி கொஞ்சம் குறைஞ்சிடுச்சோ?" என்று கேட்டால், "குறைஞ்சாத்தான் சார் முகத்துக்கு ஒரு களை" என்பாள். தலைச்சாயம் தூக்கலாகிப்போய்த் தார் ஊற்றிய ரோடு மாதிரி உட்கார்ந்திருக்கும் டீச்சரம்மா முகம் சுளிப்பதற்குள், "ரெண்டு தடவை தலைக்கு ஊத்துங்க, அப்படியே இயற்கையா வந்துடும்" என்பாள். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. கடையைத் திறந்து வைத்திருக்கிற பேச்சு அது.

கடை கீழே, வீடு மாடியில். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து ஏறும்படியான படிக்கட்டு. அதன் அடியில் துணி துவைக்கும் மெஷின், அதற்கு மேலே துண்டு அடுக்கும் பலகை. கண்ணாடிக் கதவை ஒட்டிக் காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள இருக்கை. அதன் ஓரத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருப்பவர் அப்பா. பஸ் ஓட்டி ஓட்டி முழங்கால் தேய்ந்து ஓய்வு வாங்கியவர். எதிரே பஸ் நிறுத்தம். வருகிற பஸ், போகிற பஸ் எல்லாவற்றையும் பார்த்து, "பிரேக்கை மிதிக்கிறானா, கரப்பானை மிதிக்கிறானா?" என்று ஏசுவதுதான் இப்போதைய உத்தியோகம்.

தம்பிக்குச் செக்கர் என்று பேர் வைத்தவரும் அவர்தான். டிக்கெட் பரிசோதிக்கிற செக்கர் என்றால் பஸ்காரர்களுக்கு வயிறு கலங்கும். எந்த நிறுத்தத்தில் ஏறுவான், எதைக் கண்டுபிடிப்பான் என்று தெரியாது. தம்பியும் அப்படி. பேச்சே சரியாக வராத வயதில், தரை ஓடுகளில் ஒன்றில் மட்டும் பூ தலைகீழாக இருப்பதைக் காட்டிக் காட்டி அழுதான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியாது. ஓடு பதித்தவனுக்கே தெரிந்திருக்காது. "வந்துட்டான்டா செக்கர்" என்றார் அப்பா. ஒட்டிக்கொண்டது.

அம்மா இருந்தவரை அவனுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் அம்மா நின்றாள். அவள் போனதும் அந்த இடத்தில் அக்கா நின்றாள்.

அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அவன் மீசை முளைத்துச் சவரமும் பழகியிருந்தான். அதுவரை ஆளாளுக்கு ஒரு பேர்: ஒரு மாதிரி, அழுத்தக்காரன், தலைக்கனம். அக்கா டாக்டருக்கு எதிரே வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாயடைப்பது வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். அப்பாதான் பேசினார்.

"பேர் இருக்குதுல்ல டாக்டர், அது போதும். பஸ்ஸுக்கு முன்னாடி போர்டு இருந்தாத்தான் எங்க போகுதுன்னு தெரியும். போர்டு இல்லாத பஸ்ஸைத்தான் நிறுத்தத்துல நிக்கிறவன் எல்லாம் திட்டுவான்."

டாக்டர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. "அப்பா ஓட்டுன பஸ்ஸுல போர்டு ரெண்டு பக்கமும் இருந்துச்சு" என்று திருத்தினான்.

கம்ப்யூட்டரை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவனே பழகினான். மற்றவர்கள் அதில் எதையாவது செய்து பார்ப்பார்கள். இவன் உடைத்துப் பார்ப்பான். ஒரு மென்பொருளை எங்கே தட்டினால் எங்கே விரிசல் விடும் என்று அவன் விரலுக்குத் தெரியும். அவனைப் போன்றவர்களைத் தேடி ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. மென்பொருளைச் சோதித்துத் தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை. முதல் சுற்றில், வேண்டுமென்றே பழுதாக்கிய ஒரு மென்பொருளைக் கொடுத்து என்ன பழுது என்று கேட்டார்கள். அவர்கள் வைத்திருந்த பழுதுகளை முடித்துவிட்டு, வைக்காத ஒன்றையும் எடுத்துக் காட்டினான். அடுத்த சுற்று பேச்சு. அக்காவுக்குப் பயம் அங்கேதான்.

கடைக்கு விடுமுறையான நாளில் அவனை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்றாள். முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேச அவனுக்கு வராது. கண்ணாடியில் பார்த்துப் பேச வரும். அதனால் அந்த வீட்டில் முக்கியமான பேச்சு எல்லாமே கண்ணாடி வழியாகத்தான்.

"யாராவது வந்து, 'எப்படிப் போகுது? எல்லாம் நல்லா இருக்கா?'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"எது நல்லா இருக்கான்னு கேப்பேன்."

"கேக்கக்கூடாது."

"கேக்கலைன்னா எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்டா. அவங்களுக்கும் தெரிய வேணாம். சும்மா கேக்கறது."

"தெரிய வேணாம்னா ஏன் கேக்கறாங்க?"

அக்கா சீப்பை மேசையில் போட்டாள். இருக்கையிலிருந்து அப்பா கைகொடுத்தார்.

"டேய் செக்கர், அது ஹாரன் மாதிரிடா. எதிர்ல வர்ற டிரைவர் ஹாரன் அடிச்சா வண்டியை நிறுத்திட்டு, 'என்ன விஷயம்?'னு இறங்கிப் போய்க் கேப்பியா? நீயும் ஒண்ணு அடிச்சுட்டுப் போயிட்டே இருக்கணும்."

அது அவனுக்குப் புரிந்தது. "எது ஹாரன், எது கேள்வி? எப்படிப் பிரிக்கிறது?" என்று கேட்டான்.

அக்கா யோசித்தாள். கடையில் அவள் பார்க்கிற பேச்சை வைத்துத்தான் சொல்ல முடியும். "உக்காந்து கேட்டா கேள்வி. நின்னுட்டு, சிரிச்சுக்கிட்டே, கூட ஆளை வச்சுக்கிட்டுக் கேட்டா ஹாரன். அப்ப, 'நல்லா இருக்குங்க. நீங்க எப்படி இருக்கீங்க?'ன்னு சொல்லணும். எங்க, சொல்லு."

சொன்னான்.

"சிரிச்சுட்டே சொல்லு. பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி இளிக்காத."

திரும்பத் திரும்பச் சொல்லி அதை மெருகேற்றினார்கள். கிளம்பும்போது அக்கா இன்னொன்றும் சேர்த்தாள்: "வீட்ல நடக்கறதை ஆபீஸ்ல பேசக்கூடாது." பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, அப்பா குளியலறையில் பாடுகிற பாட்டின் வரிகளை வகுப்பு முழுவதும் கேட்க ஒப்பித்தவன் அவன். அந்தச் சூடு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை கிடைத்தது. ஒரு வருடம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். அந்த ஒரு வருடமும் அக்கா தினமும் கேட்டாள், "ஆபீஸ் எப்படிப் போச்சு?" அவன் தினமும் சொன்னான், "நல்லா இருக்கு." அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அவன் வேலை செய்வதை அவள் ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கடைக்கு முன்பதிவு செய்ய ஒரு இணையப்பக்கம் போட்டுக்கொடுத்திருந்தான் ஒருவன். அதைத் தம்பியிடம் பார்க்கச் சொன்னாள். அவன் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அழுத்துகிறவளாக அழுத்தினான். கண் மங்கிப் பக்கத்துப் பொத்தானைத் தொடுகிறவராகத் தொட்டான். பாதியில் மனசு மாறித் திரும்பிப் போனான். சுரங்கப்பாதையில் சிக்னல் போனவனாக, அழுத்தியதையே கோபத்தில் பத்து முறை அழுத்தினான்.

"இதெல்லாம் யாருடா?" என்றாள் அக்கா.

"வர்றவங்க. எல்லாரும் உன்னை மாதிரி அழுத்த மாட்டாங்க. அவங்களுக்கு அவசரம் இருக்கும். கை நடுங்கும். பயமா இருக்கும்."

இவனுக்கு மனுஷர்களைப் புரியாது என்று எத்தனை பேர் அவளிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். டீச்சரம்மாகூட அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறாள். முகம் பார்த்துப் பேசாதவன், முகமே தெரியாதவர்களின் நடுங்குகிற விரலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். அக்கா எழுந்து போய் அவனுக்கு முட்டை பொரித்தாள். மஞ்சள் கரு சோற்றில் படாமல் தனித் தட்டில்.

வருடம் முடியப்போகிற ஒரு வாரம் மழை பிடித்துக்கொண்டது. கடையில் ஆள் இல்லை. துவைத்த துண்டும் காயவில்லை. புதன்கிழமை மதியம், வழக்கத்துக்கு மாறாக, கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி வந்தான். யாரையும் பார்க்காமல் படிக்கட்டுக்கு அடியில் போனான். அடுக்கியிருந்த துண்டுகளை எல்லாம் பிரித்துத் தையலோடு தையல் வைத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தான்.

"என்னடா, சீக்கிரம் வந்துட்ட?"

"நல்லா இருக்கு."

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்ற? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"நல்லா இருக்கு."

"சாப்பிட்டியா?"

"நல்லா இருக்கு."

அப்பா பஸ் நிறுத்தத்திலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்த்தார். "ஹாரன் மாட்டிக்கிச்சு. நிக்காம அடிக்குது" என்றார் மெதுவாக.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. போ என்று சொன்னதற்கு, "வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்றான். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. ஊர் வாயையெல்லாம் பிடுங்குகிற அக்கா, தம்பி வாயிலிருந்து ஒன்றும் பிடுங்க முடியாமல் கடைக்கும் படிக்கட்டுக்கும் நடந்தாள். அவன் துண்டு மடித்தான்.

மதியம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். தலையில் தடித்த ஹெட்போன், சொட்டச் சொட்ட நனைந்த சட்டை. கையில் குடை மடக்கியபடியே இருந்தது.

"வாம்மா, உக்காரு. குடை இருந்தும் நனைஞ்சிருக்கியே" என்று அக்கா துண்டை எடுத்தாள்.

"குடையில மழை விழற சத்தம் எனக்கு ஆகாது. தலையைத் தொடாதீங்க. நான் முடி வெட்ட வரல." ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினாள். "உங்க தம்பி பொய் சொல்லியிருக்கான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதான் ஏன்னு கேக்க வந்தேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "யாருமா நீ? அவன் ஏன் பொய் சொல்றான்? முதல்ல அக்காகிட்ட பொறுமையா விஷயத்தைச் சொல்லு."

"நீங்க எனக்கு அக்கா இல்லையே" என்றாள் அந்தப் பெண். திமிராக இல்லை. கணக்கைச் சரிசெய்வதுபோல. "நான் அவன் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் கோடு எழுதறேன். நான் எழுதுவேன், அவன் சோதிப்பான். எனக்கும் ஆட்டிசம்தான். ஆனா நான் நிறையப் பேசுவேன்."

"அது தெரியுது" என்றார் அப்பா. "உக்காரும்மா. டீ குடிப்பியா?"

"சூடு குறைஞ்ச பிறகு."

அவள் சொன்னது இது. நடக்க முடியாத நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வேனில் கூட்டிக்கொண்டு போய், சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஒரு சேவை. அதற்கு இவர்கள் மென்பொருள் செய்கிறார்கள். யாராவது காலை நேரத்தை மாற்றினால், சாயந்திர வண்டி சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துபோகிறது. திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

"ரிட்டர்ன் ட்ரிப் கட்" என்றார் அப்பா. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முகமும் மாறிவிட்டது.

"ஆமா. என் கோடுலதான் தப்பு. திங்கட்கிழமை அவன் அதைக் கண்டுபிடிச்சுட்டான். அன்னைக்குச் சாயந்திரம் டீம் லீட், வேன் கம்பெனிக்காரங்களைக் கூட்டிட்டு அவன் மேசைக்கு வந்து, எல்லாம் நல்லா இருக்கான்னு கேட்டாங்க. நல்லா இருக்குங்க, நீங்க எப்படி இருக்கீங்கன்னு சொல்லிட்டான். சிரிச்சான் வேற. அவங்களுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நாள் வெளியிட வேண்டியதை அப்பவே வெளியிட்டுட்டாங்க. செவ்வாய்க்கிழமை காலையில அவன் தப்பைச் சுத்தமா எழுதி அனுப்பினான். நான் மதியத்துக்குள்ள சரிபண்ணிட்டேன். ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு தாத்தா மழைன்னு காலை நேரத்தைத் தள்ளி வச்சிருக்காரு. சாயந்திரம் ஆஸ்பத்திரி வாசல்ல சக்கர நாற்காலியில இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தாரு. வண்டி வரல. நனைஞ்சு ஜுரம்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"ஜுரம் இறங்கிடுச்சு. புதன்கிழமை டீம் லீட் இவன்கிட்ட, 'திங்கட்கிழமையே உனக்குத் தெரியுமா?'ன்னு கேட்டாங்க. தெரியும்னான். 'அப்ப ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?' வாயே திறக்கல. தெரிஞ்சே மறைச்சிருக்கான்னு முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்கு மீட்டிங். பதில் சொல்லலைன்னா வேலை போயிடும். எனக்கு அவன் வேணும். அவன் பார்க்காத கோடை நான் எப்படி நம்பறது?"

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

படிக்கட்டுக்கு அடியில் துண்டு மடிக்கிற சத்தம் நின்றிருந்தது. தம்பி அங்கிருந்தபடியே சொன்னான்: "டீம் லீட் கையில காபி கப் இருந்துச்சு. நின்னுட்டிருந்தாங்க. சிரிச்சாங்க. கூட ரெண்டு பேர்."

ஹெட்போன்காரிக்குப் புரியவில்லை. "அதனால?"

அக்காவுக்குப் புரிந்தது. அப்பாவுக்கும்.

"நீ போட்டுக் குடுத்த ரூட்டுலதான்மா பஸ் போயிருக்கு" என்றார் அப்பா அக்காவிடம். "ஹாரன்னு சொன்னவன் நான். என்னையும் சேர்த்துக்க."

மழை விட்ட பிறகு ஹெட்போன்காரி ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள். சாயந்திரமே கடையைச் சாத்திவிட்டு அக்கா மாடிக்குப் போனாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, தனித் தட்டில் முட்டை. தம்பி எதையும் தொடவில்லை.

"தப்பு இருக்குன்னு தெரிஞ்ச உடனே ஏன்டா எழுதிக் குடுக்கல?" என்றாள் அக்கா, குரலை அடக்கி.

"குறுக்கி முடிக்கல." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தப்பு தெரிஞ்சா போதாது. அதை எவ்வளவு குறைச்ச வழியில திரும்பக் கொண்டுவர முடியும்னு பார்க்கணும். நீளமா எழுதினா, 'என் மெஷின்ல வரலையே'ன்னு தள்ளிடுவாங்க. குறுக்கி எழுதினா யாரும் தள்ள முடியாது. அதுக்குக் காலை வரைக்கும் ஆகும். வெளியிடறதுக்கு நேரம் இருந்துச்சு."

"நீ நல்லா இருக்குன்னு சொன்னதாலதான் அந்த நேரம் போச்சு."

"அது எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரியும்."

கூரைக் குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அவரை எனக்கு முன்னாடியே தெரியும்" என்றான் தம்பி.

"யாரை?"

"அந்தத் தாத்தாவை. நான் சோதிக்கும்போது யோசிச்ச ஆளு. மடியில கம்பளி. காலையில மழை. அதனால நேரத்தை மாத்தறாரு. கம்பளிக்குள்ள இருந்து கையை எடுக்க மெதுவாகும், அதனால போன் எடுக்க லேட்டாகும். அப்படி ஒருத்தரை யோசிச்சதாலதான் தப்பே கிடைச்சுது. அப்புறம் அவர் நெஜமாவே வந்துட்டாரு." நிறுத்தினான். "அவருக்குக் குளிர்ந்திருக்கும்."

அப்பா கையைக் கழுவாமலேயே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திறந்திருக்கவில்லை அந்த ஜன்னல்.

"இதை அப்படியே நாளைக்கு அங்க சொல்லுடா" என்றாள் அக்கா. "ஏன் அவங்ககிட்ட வாயைத் திறக்கல?"

"வீட்ல நடக்கறதை ஆபீஸ்ல பேசக்கூடாது. ஹாரன் வீட்ல சொன்னது. நீ சொன்னது. சொன்னா உன்னை எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

ஒரு வருடமாக அவன் சொன்ன ஒவ்வொரு "நல்லா இருக்கு"வும் அவள் காதுக்குள் வரிசையாக வந்தது. எத்தனை நாள் அவனுக்கு ஆபீஸில் தலை வெடித்திருக்கும், எத்தனை நாள் யாராவது சிரித்திருப்பார்கள்? ஒன்றும் தெரியாது. கேட்டது அவள். கேள்வி இல்லை, ஹாரன். கடை வாசலில் நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டு, கூட ஆளை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"நானும் வர்றேன் நாளைக்கு" என்றாள்.

"வேணாம். வேலை பார்க்கறவங்களைத்தான் கூப்பிட்டிருக்காங்க. அக்காங்களைக் கூப்பிடல." முதன்முறையாகத் தலையைத் தூக்கினான். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் அலமாரிக் கண்ணாடியில் தெரிகிற அவளைப் பார்த்தான். "அந்த ரெண்டு விதியையும் எடுத்துடவா? நீதான் போட்ட. நீ சொன்னாத்தான் எடுக்க முடியும்."

"எடுத்துடு."

"வீட்டு விஷயம் சொல்லலாமா?"

"சொல்லு."

"எல்லாமா?"

"அப்பாவோட குளியலறைப் பாட்டைத் தவிர" என்றார் அப்பா.

அவன் முட்டையை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை அக்காவின் கை அவளிடம் இல்லை. ஒருவருக்குக் கிருதாவை ஏற்றி இறக்கிவிட்டாள். வெளியே தூறல். டீச்சரம்மா சாயம் அடித்து முடித்துக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்றாள்.

"தார் மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள் அக்கா. "உங்க நரையே நல்லா இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. டீச்சரம்மா கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தாள். "மழை விட்டதும் போயிடறேன்" என்று கதவோரம் போய் விறைப்பாக நின்றாள். மழை விடுவதற்கு முன்பே போனாள்.

"ஒரு டிக்கெட் இறங்கிடுச்சு" என்றார் அப்பா.

"சும்மா இருங்கப்பா."

"நான் ஒண்ணும் சொல்லல. உண்மையைச் சொல்ற கடையில கூட்டம் குறைவாத்தான் இருக்கும்."

மழை வெளிச்சம் மங்கும் நேரத்தில் தம்பி வந்தான். எதிர்ப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி, பச்சை விழும்வரை காலியான ரோட்டிலும் நின்று, கடந்து வந்தான். அக்கா கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். போய் இருக்கையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"மீட்டிங்ல என்ன நடந்துச்சு?"

அவன் ஒப்பித்தான். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து ஒப்பித்தான். எங்கேயும் அவளையோ தன்னையோ நல்லவராக்கவில்லை.

"அக்கா முடி வெட்டறாங்க, அப்பா பஸ் ஓட்டினாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஹாரன் சொல்லிக்குடுத்தாங்கன்னு சொன்னேன். ஒருத்தர் சிரிச்சாரு. டீம் லீட் சிரிக்கல. 'நான் அன்னைக்குக் கேட்டது ஹாரனா, கேள்வியா?'ன்னு கேட்டாங்க. 'உங்களுக்குத்தான் தெரியும்'னேன். அப்புறம், 'வந்தவங்களுக்குக் காட்டத்தான் கேட்டேன். பதிலைக் கேக்கணும்னு கேக்கல. ஆனா நீ சொன்னதைப் பதில்னு எடுத்துக்கிட்டது என் தப்பு'ன்னாங்க."

"அப்படியே சொன்னாங்களா?"

"அப்படியே. அப்புறம் நான் சொன்னேன், 'என்கிட்ட எல்லாம் நல்லா இருக்கான்னு கேக்காதீங்க. எந்த மென்பொருள்லயும் எல்லாம் நல்லா இருக்காது. என்ன உடைஞ்சிருக்குன்னு கேளுங்க. குறுக்கி முடிக்கலைன்னாலும் சொல்றேன்.' உடனே, 'சரி, என்ன உடைஞ்சிருக்கு?'ன்னு கேட்டாங்க."

"நீ?"

"சொன்னேன்."

"எவ்வளவு நேரம்டா?"

"சாப்பாட்டுக்கு மணி அடிக்கற வரைக்கும். அவங்க எழுதிக்கிட்டே இருந்தாங்க. அவ நடுவுல ரெண்டு தடவை சண்டை போட்டா." அவ என்றால் ஹெட்போன்காரி. "ரெண்டும் என் பக்கம்தான் சரி. மூணாவது அவ சரி."

"வேலை?" அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "வேலை இருக்கா இல்லையாடா, செக்கர்?"

"இருக்கு. நிரந்தரம் பண்ணல. இன்னும் கொஞ்ச மாசம் பார்க்கணுமாம். நான் செவ்வாய்க்கிழமை வரைக்கும் வச்சிருந்தது என் தப்புதான்னு எழுதியிருக்காங்க. அது சரி. சாயந்திரம் டீம் லீட்கூட அந்தத் தாத்தாவைப் போய்ப் பார்த்தேன். மடியில கம்பளி இல்ல. போர்வை. எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். உக்காந்துதான் கேட்டேன். அவரு ரொம்பத் திட்டினாரு. கேட்டுட்டு வந்தேன்."

அவ்வளவுதான் என்பதுபோல் நிறுத்தினான். அப்பா கைக்குட்டையை எடுத்து, மூக்குச் சிந்துகிற சாக்கில் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டார். எதிரே ஒரு பஸ் வந்து அழகாக நின்றது. அவர் அதைத் திட்டவில்லை.

தம்பி படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். அக்கா எழுந்து கதவில் "மூடியுள்ளது" பலகையைத் திருப்பி மாட்டினாள். கத்தரிக்கோல்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டாள். கேட்பதா வேண்டாமா என்று துடைத்ததையே துடைத்தாள். பிறகு, அவனுக்கு முதுகைக் காட்டியபடி, கண்ணாடியில் அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"டேய். அந்த ரெண்டை எடுத்தாச்சு. நான் உனக்குச் சொல்லிக்குடுத்ததுல இன்னும் என்னென்ன உடைஞ்சிருக்கு?"

தம்பி படியில் வைத்த காலை எடுத்தான். பலகையிலிருந்து தையலோடு தையல் மடித்த ஒரு துண்டைக் கொண்டுவந்தான். நாற்காலியைத் திருப்பி, இருக்கையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டான். இத்தனை வருடத்தில் அக்கா அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எப்போதும் பின்னால் நிற்பவள்.

"உக்காருக்கா" என்றான் கண்ணாடியில் அவளைப் பார்த்து. "நேரமாகும்."